நான்கு அணைந்த புள்ளிகள்

மனிதன் மரணத்தை வென்றது ஒளியால் மட்டுமே. எந்த ஊர் நகராட்சிக்குப் போனாலும் கன்சோ இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். அவனுடைய லேசர் காட்சி நிறுவனத்தின் பெயர் ‘நித்திய ஒளி’. அதில் இரண்டு பேர்: கலை இயக்குநர் கன்சோ, மற்ற எல்லா வேலைக்கும் விஹ்ரா. நித்திய ஒளியை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வேன் முன்பு ஒரு மீன் வியாபாரியிடம் இருந்தது. வெயில் ஏறினால் இன்னும் அயிலை நாற்றம் அடிக்கும்.

அந்த ஆகஸ்டு சனிக்கிழமை வேன் வெளியூர் போகவில்லை. விஹ்ராவின் சொந்த ஊரான ஸ்லிவோவோவிலேயே, வாசகசாலைக் கட்டடத்தின் பின்புறம் நின்றது. ஸ்லிவோவோவுக்கு அன்று முந்நூறு வயது. முந்நூறுதானா என்பதை நகரசபை ஏழுக்கு நான்கு ஓட்டில் முடிவுசெய்திருந்தது. இரவு ஒன்பது மணிக்குக் கோட்டைச் சுவரில் ஊரின் ஏழு பெருமக்களின் முகங்களை லேசரால் வரைய வேண்டும். ஐந்து பேர் இறந்தவர்கள். உயிரோடு இருக்கும் இருவரில் ஒருவர் மேயர் வ்ராச்செவ். பட்டியலைத் தயாரித்தவரும் அவரே. மற்றவர் மிளகாய்த் துவையல் ஆலை முதலாளி கல்பாரோவ், விழாவுக்குக் கொடையாளி.

புகைப்படங்களைக் கோடுகளாக்கி, கோடுகளைப் புள்ளிகளாக்கி, அந்தப் புள்ளிகளைப் பழைய லேசர் பெட்டிக்குப் புரிகிற கோப்பாக மாற்றுவது விஹ்ராவின் வேலை. மதியம் இரண்டு மணிக்கு வாசகசாலை அரங்கின் வெல்வெட் திரைகளை எல்லாம் இழுத்து மூடினாள். வெளியே ஊரே வெயிலில் காய, உள்ளே கிணற்றுக்குள் இறங்கியது போன்ற இருட்டு. திரைகளிலிருந்து நாப்தலின் உருண்டையும், பல வருடங்களாக யாரோ யாருக்கோ ஆற்றிய உரைகளின் எச்சில் காய்ந்தது போன்ற ஒரு புளித்த வாடையும் வந்தன. புகை இயந்திரத்தை ஒருமுறை ஊதவிட்டாள். தித்திப்பான அந்தப் புகை இருக்கை வரிசைகளுக்குள் ஆள் தேடுவது போல மெதுவாக நுழைந்து போயிற்று.

முதல் முகத்தை ஓட்டினாள். முதலில் காதில்தான் பட்டது.

லேசர் பெட்டிக்குள் நகம் அளவில் இரண்டு கண்ணாடிகள் உண்டு. அவை ஆடுகிற ஆட்டத்தில் ஒற்றைப் புள்ளி ஒளி ஓடி ஓடிப் படமாகிறது. ஆடும்போது அவை முனகும். பதினைந்து வருடப் பழக்கத்தில், சுவரைப் பார்க்காமலே என்ன படம் ஓடுகிறதென்று விஹ்ரா சொல்லிவிடுவாள். வட்டம் என்றால் கொசு. எழுத்துகள் என்றால் தகரத்தட்டில் பட்டாணி. கண்ணாடி ஒரு மூலையில் சட்டென்று திரும்பினால் டிக் என்று கேட்கும். மனித முகத்தில் மூலை கிடையாது.

டிக். டிக். டிக். டிக். சற்று இடைவெளி. மறுபடியும் நான்கு.

மேடையின் வெள்ளைத் திரையில் பள்ளியை நிறுவிய மின்ச்சோ வாத்தியார் பச்சை மீசையோடு நடுங்கிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஒரு கட்டம். செவ்வகமாக, நேர்த்தியாக.

வாசகசாலைச் செயலாளர் ஸ்டான்கா படங்களைக் கொடுத்தவள். கூப்பிட்டதும் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே வந்தாள்.

“அக்கா, இந்தப் போட்டோவெல்லாம் எங்க எடுத்தீங்க?”

“காப்பகத்துல போன வருஷமே தண்ணி பூந்துருச்சும்மா. நான் எங்க போவேன்? தபாலாபீஸ் முன்னாடி மரத்துல அஞ்சு பேரும் ஒட்டியிருந்தாங்க. போன்ல எடுத்துட்டு வந்துட்டேன்.”

“மரண அறிவிப்பிலிருந்தா?”

“பின்ன? இந்த ஊர்ல ஒருத்தன் மூஞ்சி ஒழுங்கா அச்சாகுறதே அதுலதான்.”

“மின்ச்சோ வாத்தியார் போயி அறுபது வருஷம் ஆச்சேக்கா.”

“அவரு பேத்தி விடமாட்டேங்குறாளே. நாப்பதாம் நாளு, ஆறு மாசம், ஒரு வருஷம்னு ஆரம்பிச்சவ, இன்னும் வருஷா வருஷம் புதுசு ஒட்டுறா. நல்ல பசை வேற.”

விஹ்ராவுக்குச் சிரிப்பு வந்தது. அறிவிப்புத் தாள்களைச் சுற்றி எப்போதும் இருக்கும் கறுப்புக் கரை. மென்பொருள் அதையும் கோடாக எண்ணி வரைந்திருக்கிறது. ஐந்து படங்களிலும் கரையை வெட்டி எறிந்தாள். முகம் மட்டும். மறுபடி கோடாக்கி, மறுபடி மாற்றி, ஓட்டினாள்.

டிக். டிக். டிக். டிக். கட்டம் அப்படியே இருந்தது.

எண்களைப் பார்த்தாள். மாற்றுவதற்கு முன் வாத்தியாருக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். மாற்றிய பிறகு அறுநூற்றுப் பதினாறு. நான்கையும் தேர்ந்தெடுத்து அழித்துச் சேமித்தாள். திறந்தால் அறுநூற்றுப் பதினாறு. மென்பொருளின் பழைய பதிப்பைப் போட்டுப் பார்த்தாள். வேறு கணினியில் பார்த்தாள். ஒரு வட்டத்தை மாற்றினாள்: கூடுதல் ஒன்றுமில்லை. சுவர் நாட்காட்டியில் இருந்த பூனையைப் படம் எடுத்து மாற்றினாள்: ஒன்றுமில்லை. தானே கோணல்மாணலாக ஒரு முகம் வரைந்து மாற்றினாள். ஒன்றுமில்லை.

மேயரின் படத்தை எடுத்தாள். அது மரத்திலிருந்து வந்ததல்ல; தேர்தல் சுவரொட்டிக்காகத் தலைநகரில் எடுத்தது. மேயர் அதில் தொலைவில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார், வளர்ச்சியாக இருக்கலாம். திரையில் முகம் மட்டும் வந்தது. கட்டம் இல்லை. விஹ்ரா மூச்சை விட்டாள்.

டிக். டிக். டிக். டிக்.

முகத்தைச் சுற்றி வெறும் இருட்டு. அந்த இருட்டின் நான்கு மூலைகளுக்கும் கண்ணாடிகள் போய் வந்துகொண்டிருந்தன.

லேசர் கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குறி உண்டு: எரிகிறது, அல்லது அணைந்தது. ஒரு கண்ணிலிருந்து அடுத்த கண்ணுக்குத் தாவும்போது ஒளியை அணைத்துக்கொண்டு தாவ வேண்டுமே, அதற்காக. அணைந்த புள்ளிகளையும் காட்டும்படி கணினியில் மாற்றினாள். மேயரின் தலையைச் சுற்றி மெல்லிய சாம்பல் நிறத்தில் அதே செவ்வகம். நான்கு அணைந்த புள்ளிகள். தயாராக.

கல்பாரோவுக்கும் அப்படியே. பருத்த கன்னங்கள், பெரிய மூக்கு, சுற்றிலும் சாம்பல் கட்டம். ஓட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்கு மணி இருக்கும். வெளியே சதுக்கத்தில் நகராட்சி பேண்டு வாத்தியக்காரர்கள் ஒரே அணிவகுப்பு இசையை நான்காவது முறையாகத் தப்பாக வாசித்தார்கள்.

கட்டம் எரிந்தது.

அவள் விசைப்பலகையைத் தொடவில்லை. முனகலில் மாற்றம் இல்லை, டிக்கில் மாற்றம் இல்லை. கண்ணாடிகள் அதுவரை இருட்டில் போன அதே வழியில் இப்போது வெளிச்சத்தோடு போயின, அவ்வளவுதான். கல்பாரோவ் மின்ச்சோ வாத்தியாரைப் போலக் கட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, கல்பாரோவுக்குப் போன் போடுங்க.”

“எதுக்கு?”

“போடுங்க.”

ஸ்டான்கா ஒலிபெருக்கியில் போட்டாள். பின்னணியில் தட்டுகளும் அக்கார்டியனும் கேட்டன.

“யாரு, ஸ்டான்காவா? அந்தப் பொண்ணுகிட்ட என் மூக்க மட்டும் கொஞ்சம் சின்னதாப் போடச் சொல்லு.”

“ஐயா, உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?” என்றாள் விஹ்ரா.

“நாப்பது வயசுக்காரன் மாதிரி இருக்கேன்னு டாக்டர் சொன்னான். அவனுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. ஆனா சொன்னான். வைங்கடி போன, குடல் சூப்பு ஆறிப்போகுது.”

ஸ்டான்கா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள். விதைகளைக் கொறிக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தாள்.

“கல்பாரோவ் போயிட்டாரு. கடவுள் அவர மன்னிக்கட்டும். மேசையிலேயே, முகம் சூப்புக்குள்ள. ஏதோ வேடிக்கை காட்டுறாருன்னு ரெண்டு நிமிஷம் எல்லாரும் சிரிச்சிருக்காங்க.”

கன்சோ வந்தபோது விஹ்ரா எல்லாவற்றையும் காட்டினாள். இறந்தவர்களுக்கு எரிகிறது. இருக்கிறவர்களுக்கு அணைந்திருக்கிறது. அழித்தால் போவதில்லை. கல்பாரோவுக்கு அவர் சாவதற்கு முன்னாலேயே எரிந்தது. அவன் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டான்.

“அப்ப கல்பாரோவுக்குக் கட்டம் ஏற்கெனவே வந்துருச்சா?”

“ஆமா.”

“நல்லதாப் போச்சு. அப்படியே விட்டுரு. ஒரு வேலை மிச்சம்.”

“கன்சோ, நான் என்ன சொல்றேன்னு புரியுதா? கூட்டத்து மேல கேமரா வைக்கிற பகுதி வேண்டாம். எடுத்துடு.”

காட்சியின் உச்சம் அது. கேமரா கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பிடிக்க, மென்பொருள் அந்த நொடியே அதைக் கோடாக்கிக் கோட்டைச் சுவரில் வரையும். ‘நாமே நம் நட்சத்திரங்கள்’ என்று கன்சோ அதற்குப் பெயர் வைத்திருந்தான். மேயர் அந்தப் பெயரைக் கேட்டுக் கண் கலங்கியிருந்தார்.

“சாஃப்ட்வேர் கோளாறு, விஹ்ரா. அப்டேட் பண்ணு.”

“பண்ணிட்டேன்.”

“அப்ப பழசுக்குப் போ.”

“போயிட்டேன்.”

“அப்ப தூங்கு. மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு.”

அவன் போனதும் தன் அடையாள அட்டைப் படத்தை மாற்றிப் பார்த்தாள். அணைந்திருந்தது. பிறகு, கணவன் ராங்கெலின் படம். மூன்றுமுறை தப்பான கோப்பைத் திறந்தாள். கடைசியில் வந்தது. குட்டைத் தாடி, ஒரு பக்கம் ஏறிய சிரிப்பு, சாம்பல் கட்டம். அணைந்திருந்தது. நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டு கண்ணாடிகள் அவனை முனகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். முந்தைய வருடம் மூன்று வாரம் அவன் மருத்துவமனையில் கிடந்தபோது, குளியலறையில் அவனுடைய பல்துலக்கி நனையாமல் இருந்ததைத் தினமும் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

ராங்கெல் நகரப் பேருந்து ஓட்டுநர். அன்று கூட்டத்தைக் கோட்டைக்கு ஏற்றி இறக்குவது அவன் வேலை. அவனுக்குப் போன் போட்டாள்.

“ராங்கெல், உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு. இப்பவே.”

“ஏன்டி, உனக்கு என்ன ஆச்சு?”

“நான் சொல்றதக் கேளு.”

“மேயரு என்னை வேலைய விட்டே தூக்கிருவான். அதோட கோட்டையில கபாப் இலவசம். எனக்கு உசுரே போனாலும் இலவச கபாப விட்டுட்டுப் போகமாட்டேன்.”

“அப்படிச் சொல்லாத.”

“சரி சரி. ஒண்ணு உனக்கும் எடுத்து வைக்கிறேன். கடுகு போட்டா, போடாமலா?”

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவன் படத்தை மாற்றினாள். ஐந்தரை, அணைந்திருந்தது. ஆறு, அணைந்திருந்தது. அரங்கில் புகை வடிந்துபோய், இருக்கைகள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து முதுகைக் காட்டின. அவை காலி என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் திரும்பி எண்ணினாள். ஏழு மணிக்குக் கேமரா பகுதியைக் காட்சிப் பட்டியலிலிருந்து அழித்தாள். ஏழரைக்குக் கன்சோ அதைக் கண்டுபிடித்து, கேமராவையும் கம்பிகளையும் தன் சொந்தக் கணினிக்கு மாற்றிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டான். எட்டு இருபது, ராங்கெல் அணைந்திருந்தான். எட்டரைக்கும்.

அணைந்திருக்கிறது. அப்படியானால் இன்று இல்லை. அந்த ஒற்றை நினைப்பைக் கையில் பொத்தியபடி கோட்டைக்கு ஏறினாள்.

சுவருக்கு எதிரே, கூட்டத்துக்குப் பின்னால், அவளுடைய மேசை. லேசர் பெட்டி பக்கத்திலேயே, கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு தாங்கியில்; அதற்கு மின்சாரம் மேடையிலிருந்து வந்தது. நாலாயிரம் பேராவது இருப்பார்கள். அடுப்புக் கரியும் இறைச்சிப் புகையும் காற்றில் தொங்கின. நாலாயிரம் வாய்கள் விதை கொறிக்கும் சத்தம் காய்ந்த இலைகளுக்குள் எதுவோ ஊர்வது போல இடைவிடாமல் கேட்டது. ராங்கெல் அடுப்பருகே நின்று, இரண்டு கபாப் வைத்த காகிதத் தட்டை உயர்த்திக் காட்டினான். அவள் தலையாட்டினாள்.

மேயர் மூவர்ணப் பட்டையோடு பேசினார். கல்பாரோவுக்காக ஒரு நிமிட மௌனம் கேட்டார். நாற்பது நொடியில் அவரே மௌனத்தைக் கலைத்து வளர்ச்சி பற்றி ஆரம்பித்தார். விளக்குகள் அணைந்தன.

மின்ச்சோ வாத்தியார் சுவரில் எழுந்தார், கட்டத்தோடு. கூட்டம் கைதட்டியது. பிறகு நால்வர், கட்டத்தோடு. பிறகு கல்பாரோவ். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். “கட்டம் எவ்வளவு பொருத்தம் பாரு” என்று அவளுக்கு முன்னால் ஒருவர் மனைவியிடம் சொன்னார். கடைசியாக மேயர், கட்டமில்லாமல். விஹ்ராவின் பக்கத்தில் பெட்டி நான்கு முறை டிக்கென்றது.

பிறகு மேடையில் கன்சோ கேமராவைத் தோளில் ஏற்றினான்.

முதல் முகம் முன்வரிசைக் கிழவி ஒருத்தி. பச்சைச் சுருக்கங்கள் சுவரில் நெளிந்தன. சுற்றிலும் கட்டம்.

எரிகிற கட்டம்.

கூட்டம் சிரித்தது. கிழவி தன்னை அடையாளம் கண்டு கையை அசைத்தாள். அடுத்தது தபால்காரர். எரிந்தது. அடுத்தது ஒரு பெண்ணும் அவள் மடியில் குழந்தையும். இரண்டு கட்டம், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. எரிந்தன. பேண்டுக்காரர்கள். வரிசையாக. எரிந்தன. டிக் டிக் டிக் டிக். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. கண்ணாடிகள் சூடேறி, பெட்டியிலிருந்து முடி கருகும் வாசனை வந்தது. மேயரின் முகம். இம்முறை எரிந்தது. அவர் தன் கட்டத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

விஹ்ரா எழுந்தாள். கூப்பிட்டாள். நாலாயிரம் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டான்கா. எரிந்தது.

அடுப்பு. புகை. புகைக்குள் ஒரு குட்டைத் தாடி. வாய் நிறைய கபாப். ஒரு பக்கம் ஏறிய சிரிப்பு, கோட்டைச் சுவரின் பாதி உயரத்துக்கு.

கட்டம் எரிந்தது.

அவன் சுவரைப் பார்த்துக் கையசைத்தான். பிறகு அவள் பக்கம் திரும்பி, கட்டத்தைக் காட்டி, நன்றாயிருக்கிறது என்று கட்டைவிரலைத் தூக்கினான்.

அவள் தன் கணினியை மூடினாள். முகங்கள் நிற்கவில்லை, அவை கன்சோவின் கணினியிலிருந்து வந்துகொண்டிருந்தன. கேமரா மெல்ல, கூட்டத்தின் மேலாக, பின்பக்கம் திரும்பியது. இந்தப் பக்கம். சுவரில் ஒரு பெண் வந்தாள். அவிழ்ந்த முடி. திறந்த வாய். சுற்றிலும் நான்கு கோடு. கூட்டம் முழுவதும், எரிகிற பச்சையில் நனைந்த நாலாயிரம் முகங்களும், ஒன்றாகத் திரும்பி அவளைப் பார்த்துக் கைதட்டின. விதை கொறிக்கும் சத்தம் நின்றிருந்தது. டிக் மட்டும்.

மேசையோரத்தில் இருந்த சிவப்பு அவசரப் பொத்தானை அவள் உள்ளங்கையால் அடித்தாள். மறுபடி அடித்தாள். மறுபடி.

அந்தப் பொத்தானிலிருந்து எந்தக் கம்பியும் எங்கும் போகவில்லை. பாதுகாப்பு ஆய்வாளர் கேட்பார் என்று நான்கு வருடத்துக்கு முன் அவளே வாங்கி, இருபக்க ஒட்டுப்பட்டையால் மேசையில் ஒட்டியது.